120 அடிக்கு போர் இறக்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. 22 அடி ஃபில்டர் பாயிண்ட் (மணலில் இறக்கிய சல்லடைக் குழாய்), ஒன்றரை எச்.பி. மோட்டார். மாசி வரை நல்ல தண்ணீர். பங்குனி பிறந்ததிலிருந்து சவர்க்கிறது; அடிமட்டை நுனி கருகுகிறது. 120 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் என்கிறார் போர் வண்டிக்காரர். கடையில், உப்பைப் போக்கும் என்று குழாயில் மாட்டும் காந்தம் காட்டுகிறார்கள். எதைச் செய்யட்டும் ஐயா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

உங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் மணல். மழைத்தண்ணீர் அந்த மணலில் இறங்கி, கனமான கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் என்பது கணக்கு. அதற்கு முன்பே கலப்புத் தண்ணீர் தொடங்கிவிடும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு பல அடி ஏறும். இதில் 120 அடி துளைப்பது உப்பைத் தேடிப் போவதுதான். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஆழத்தைக் குறைத்தா சொல்வார்?

காந்தம் சுத்த ஏமாற்று. மாட்டுவதற்கு முன் ஒரு டம்ளர், பின் ஒரு டம்ளர் பிடித்து இ.சி. மீட்டரை (மின்கடத்தும் திறனை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வைக்கச் சொல்லுங்கள். எண் மாறாது. ஜிப்சமும் இதற்கு ஆகாது. அது சோடியம் பிடித்த களிமண்ணுக்கு, கடல் உப்புக்கு அல்ல.

மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. கோடையில் மணலில் ஊத்துத் தோண்டி, பெண்கள் கொட்டாங்குச்சியால் மோந்து குடத்தை நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறியதை மட்டும் எடுக்கிறார்கள். ஒன்றரை எச்.பி. ஒரே இடத்தில் உறிஞ்சினால், பாயிண்டுக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பாக எழும்பும்.

பேனா அளவில் வரும் இ.சி. மீட்டர் ஒன்று வாங்குங்கள். மோட்டார் போட்ட ஐந்தாம் நிமிடம் ஒரு தடவை, பிறகு அரை மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். இ.சி. 1.5-ல் (டெசிசீமன்ஸ்/மீட்டர்) தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 3-ஐத் தாண்டினால், எண் ஏறத் தொடங்கிய நேரமே உங்கள் எல்லை. அதற்கு முன்பே நிறுத்தி, ஊற விடுங்கள்.

நிரந்தர வழி: நான்கு பாயிண்ட், 40–50 அடி இடைவெளியில், கோடை நீர்மட்டத்துக்குக் கீழே 5 அடிக்கு மிகாமல். நான்கையும் ஒரே உறிஞ்சு குழாயில் இணைத்து அரை எச்.பி. மோட்டார் போதும். குழாய் மோட்டாரை நோக்கி லேசாக ஏறியே போகட்டும். நடுவில் மேடு விழுந்தால் காற்று தங்கும். ஒரு ஜாயிண்ட் காற்று வாங்கினால் நாலும் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைத்தால், ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பிளம்பர் வால்வு வீண் செலவு என்பார், கேட்காதீர்கள்.

மட்டை கருகலுக்கு முழுக்க உப்பைப் பழிக்க வேண்டாம். அடி ஓலையை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் சாம்பல்சத்துப் பற்றாக்குறை. மணலில் அது சீக்கிரம் கரைந்தோடும். காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ், மணலுக்கு மூன்று நான்கு தவணையாக. அதிலுள்ள குளோரைடு தென்னைக்கு வேண்டியதுதான். (குண்டு மிளகாய்க்கு அதைப் போடாதீர்கள், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள்.) மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் நூறு தேங்காய் மட்டைகளை முதுகு மேலே பார்க்கப் பரப்பினால் தண்ணீர்த் தேவையும் குறையும்.

பக்கத்துத் தோப்பில் ஆழ போர் போட்டுக் கைவிட்டிருந்தால், அடியிலிருந்து சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். வாயை மட்டும் மூடினால் உள்ளே உப்புக்கு வழி திறந்தே கிடக்கும்.