நோயோடு ஊர் திரும்பும் மாணவர்கள்: கேள்வி பதில்

வெளிநாட்டு மாணவர்களுக்கான பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். சிகிச்சையை மருத்துவர் முடிவு செய்யட்டும். எனக்குத் தெரிந்தது காகிதங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் முதுநிலை படிக்கிறேன். லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் அப்பா வந்து அழைத்துப்போகிறார். அதற்குள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, இன்றே மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சொல்லாமல் விமானம் ஏறினால் வகுப்புக்கு வராதவர் என்று உங்கள் எஃப்-1 (மாணவர் விசா) பதிவு ரத்தாகும். கேட்டுக்கொண்டு போனால் அந்த விசா பதிவில் 'அனுமதி பெற்ற விலகல்' என்று இருக்கும். ஆனால் அது பதிவானதும் 15 நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டு அவசரப்பட்டுப் பதிய வைக்காதீர்கள். பயண நாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 5 மாதத்துக்குள் திரும்ப முடிந்தால் பழைய பதிவையே மீட்டுத் தர அலுவலகம் முயலலாம். அதைத் தாண்டினால் புது ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம், வாங்க வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் மறப்பது: பயாப்ஸி பிளாக். பரிசோதனைக்கு வெட்டி எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி அது. நோயியல் துறையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தர மறுத்தால், அந்தத் திசுவை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்த, சாயம் ஏற்றாத ஸ்லைடுகளாவது வாங்குங்கள். ஒரு மாணவி இரண்டு பக்கச் சுருக்கத்தோடு ஊருக்குப் போனாள். அதை வைத்துக் கீமோ தொடங்க முடியாது என்று அங்கிருந்த மருத்துவர் சொல்லிவிட்டார். திசு எடுக்க மறுபடியும் கழுத்தைக் கீறினார்கள். முதல் தையலே ஆறியிருக்கவில்லை. ஸ்கேனுக்கும் இதே கதைதான். அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி. வேண்டும்.

கேள்வி: ஊருக்குப் போகாமல், பாடங்களைக் குறைத்துக்கொண்டு படிக்கும் நாட்டிலேயே சிகிச்சை பெற முடியாதா?

பதில்: அமெரிக்காவில் முடியும். மருத்துவர் கடிதம் இருந்தால் ஒரு பாடமும் எடுக்காமலே இருக்கலாம். ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரைதான். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக அனுமதி கேட்க வேண்டும். காப்பீடு தொடருமா என்று முதலில் பாருங்கள். தனி அறையில் கீமோவுக்குப் பின் வாந்தி எடுக்கும்போது தண்ணீர் கொடுக்க ஆள் உண்டா என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: மகனுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து குழாய் வைத்திருக்கிறார்கள். விமான நிறுவனத்திடம் சொன்னால் ஏற்ற மறுப்பார்களோ என்று பயம்.

பதில்: சொல்லியே தீர வேண்டும், அம்மா. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். அங்கே உடம்பில் அடைபட்ட காற்று ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் விரியும். நுரையீரல் முழுமையாக விரிந்துவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தையும் அவரே நிரப்பட்டும். பயணக் காப்பீடு இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள். தாங்களாக எடுத்துவிட்டுப் பில் அனுப்பியவர்களுக்குப் பணம் வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இன்சுலினைப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கூடாது, உறைந்துபோகலாம். கைப்பையில், மருந்துச் சீட்டோடு. சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: 'படிப்பை விட்டு விலகுகிறேன்' என்று மின்னஞ்சல் எழுதிவிட்டேன். அனுப்பவா?

பதில்: அனுப்பாதீர்கள். 'மருத்துவ விடுப்பு' என்று மாற்றுங்கள். விலகியவர் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். விடுப்பில் போனவருக்குப் பொதுவாக இடம் காத்திருக்கும். எவ்வளவு நாள், பருவக் கட்டணம் என்னாகும் என்ற இரண்டையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.