சம்பள நாள் இரவுச் சண்டை

தங்கச்சி, சம்பளம் வாங்கிய அன்றே கணவர் பாதிப் பணத்தைச் சம்சு சாராயத்துக்கு விட்டுவிட்டு வருகிறார், வாசலிலேயே கத்திவிடுகிறேன், போத்தலைக் கொட்டியும் பயனில்லை, விடியும்வரை தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்தபோது நானும் அப்படித்தான் கத்தினேன். காலையில் என் வீட்டுக்காரருக்கு எதுவும் ஞாபகமிருக்காது. தொண்டை கட்டியது எனக்குத்தான். அப்புறம், மறுநாள் பசியாறும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசப் பழகினேன்.

போத்தலைக் கொட்டாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், பிறகு பிதற்றல்கூட வரலாம். உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதற்கு முன்பே அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்க் கேளுங்கள்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற ஆதரவுக் குழு இணையத்திலும் கூடுகிறது. ‘இந்தக் குடியை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்கவோ குணப்படுத்தவோ முடியாது’ என்பார்கள். முதலில் எரிச்சல்தான் வந்தது. (பிறகென்ன, சும்மா இருப்பதா?) போகப்போகத்தான் தூக்கம் வந்தது.

மனம் தாங்காவிட்டால் மனநல உதவி எண் 15555. கை ஓங்கினாரென்றால் யோசிக்காமல் தாலியான் காசே (Talian Kasih) உதவி எண் 15999-ஐ அழையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.