பேச்சுக்குள் இருக்கும் மெட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’ (1976) கேட்டேன். பல நாள் அதிலேயே கிடந்தேன். அப்புறம் ‘தெஹில்லிம்’ (1981) கேட்டபோது குழப்பமாகிவிட்டது. சின்னச் சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப அடுக்கியவர், இதில் பைபிளில் வரும் எபிரேய மொழித் துதிப்பாடல்களான சங்கீதங்களை நீளமான மெட்டுகளில் பாடவைக்கிறார். மதத்துக்குத் திரும்பியதால் தன் இசைப் பாதையை விட்டுவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட்டுவிடவில்லை என்றே நினைக்கிறேன். 1965இல் அவர் செய்த ‘இட்ஸ் கோனா ரெய்ன்’ கேட்டுப்பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் தெருவில் நின்று பைபிள் கதையில் வரும் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி முழங்கிய ஒரு பிரசங்கியாரின் குரல் அது. ஒரே துண்டை இரண்டு டேப்புகளில் ஓடவிட்டார். ஒன்று மெல்ல விலக விலக, சொல் கரைந்து அதற்குள் இருந்த மெட்டு மேலே வருகிறது. பேச்சே பாட்டுதான் என்பது அவர் காதுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

1936இல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தாலும், எபிரேயத்தை முறையாகப் படிக்க உட்கார்ந்தது 1970களின் நடுவில்தான். அதற்கு முன் கானாவுக்குப் போய்ப் பறை கற்றிருந்தார். அடுத்தவர் மரபை இவ்வளவு ஆசையாகக் கற்கிறோமே, நம்முடையது என்ன என்ற கேள்வி வந்தது. யூத வேதமான தோராவை ஓதும் முறையைக் கற்றார், ஜெருசலேமில் முதியவர்கள் ஓதுவதைப் பதிவு செய்தார். அந்த ஓதுதலில், வேத வரிகளுக்கு இடப்படும் ஒவ்வொரு ஓதற்குறிக்கும் ஒரு சிறு சுரக்கோவை உண்டு. அவற்றைக் கோத்தால் நீண்ட மெட்டு பிறக்கும். ரைக் அந்தக் கோக்கும் விதத்தை எடுத்துக்கொண்டார். ஒலியை நகலெடுக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த நேர்மை இதுதான்.

தெஹில்லிமுக்கு 19, 34, 18, 150 ஆகிய சங்கீதங்களிலிருந்து வரிகளை எடுத்தார். மேற்கத்திய யூதர்களிடம் சங்கீதங்களை ஓதும் வாய்வழி மரபு அற்றுப்போயிருந்ததால், தன் மெட்டைச் சுதந்திரமாகப் போட முடிந்தது. நிலையான தாளம் கிடையாது. எபிரேயச் சொற்கள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் விழ, தாளம் பின்னால் ஓடுகிறது. 150ஆம் சங்கீதத்தில் ‘தோஃப்’ என்ற கைப்பறை வருகிறது. அதை நினைத்துத்தான் சலங்கைத் தகடு இல்லாத, கஞ்சிரா போன்ற சிறு வாத்தியங்களை வைத்தார்.

பேச்சிலிருந்து மெட்டு, யூத மரபு என்ற இந்த இரண்டு வழிகளும் சேரும் இடம் ‘டிஃபரன்ட் ட்ரெய்ன்ஸ்’ (1988). பெற்றோர் பிரிந்ததால் 1939 முதல் 1942 வரை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ரயிலில் போய்வந்த சிறுவன் அவர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதச் சிறுவனாக, நாஜி முகாமுக்குப் போகும் வேறு ரயிலில் ஏற்றப்பட்டிருப்போம் என்று பின்னாளில் உறைத்தது. தன்னை வளர்த்த தாதி, ஓய்வுபெற்ற ரயில் ஊழியர், நாஜி முகாம்களிலிருந்து தப்பியவர்கள் ஆகியோரின் பதிவுகளை எடுத்தார். பெண் பேசினால் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, ஆண் பேசினால் அதைவிடப் பெரிய செல்லோ, அவர்கள் குரல் ஏறி இறங்குவதை அப்படியே வாசிக்கிறது. முதல் பகுதியில் அமெரிக்க ரயிலின் நீண்ட ஊதல்கள். இரண்டாவதில் ஐரோப்பிய ரயில்களின் குறுகிய அலறல்களும் சைரன்களும்.

மூன்றாம் பகுதியின் முடிவுவரை பொறுமையாகக் கேளுங்கள். தப்பிவந்த ஒரு பெண், அழகான குரல் கொண்ட சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறார். ஜெர்மானியர்களுக்கு அவள் பாடுவது பிடிக்குமாம். அவள் நிறுத்தியதும் ‘இன்னும், இன்னும்’ என்று கேட்டுக் கைதட்டினார்களாம். அந்த வாக்கியங்களை வயோலா திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போகிறது.