சுவரைச் சும்மா விடுவது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில், தெற்கு லண்டனின் க்ராய்டனில் வசிக்கிறேன். போன சனிக்கிழமை மகளோடு பக்கத்திலிருக்கும் சால்டன் என்ற ஊரின் பழைய சர்ச்சுக்குப் போயிருந்தேன். சின்ன சர்ச். மேற்குச் சுவர் முழுக்க 1200ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த நரகக் காட்சி. எண்ணூறு வருடமாக இந்த நாட்டுக்காரர்கள் இதை எப்படிப் பாதுகாக்கிறார்கள்! நம் ஊரில் கோயில் ஓவியங்கள் மேல் வெள்ளையடித்துவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பாடப்புத்தகம் இது என்று படித்திருக்கிறேன். மகள், "ஏம்மா கலரெல்லாம் போயிருக்கு? யாராவது திரும்ப பெயின்ட் பண்ணக் கூடாதா?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம். இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கும்போது பழைய நிறத்தைக் கொண்டுவர முடியாதா? படம் இணைத்திருக்கிறேன். சரியாகத் தெரியவில்லை என்பதால் நிறத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

சு.

அன்புள்ள சு.,

முதலில் அந்த நிறம் கூட்டிய படத்தை அழித்துவிடுங்கள். செங்காவியைக் குங்குமமாக்கி வைத்திருக்கிறீர்கள்.

வேறு சமயமாக இருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆனால் சில நாட்களாக ஒரு பழைய கணக்குவரி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் என்ற ஊரில் கில்டு சேப்பல் என்று ஒரு சிற்றாலயம் உண்டு. அதிலிருந்த படங்களைச் சிதைத்ததற்கு இரண்டு ஷில்லிங் செலவு என்று நகரக் கணக்கில் எழுதியிருக்கிறது. 1564 ஜனவரியில் தாக்கலான கணக்கு. நகரின் பணப் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர். சில மாதங்களில் அவருக்கு வில்லியம் என்று ஒரு பையன் பிறந்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்ணூறு வருடம் பாதுகாத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். யார் பாதுகாத்தார்கள்? இங்கிலாந்து சர்ச் போப்பிடமிருந்து பிரிந்த காலம் அது. 1538இல் அரசர் எட்டாம் ஹென்றி, கொலையுண்டு புனிதரான பழைய ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டின் உருவம் எங்கும் இருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1547இல் அவர் மகன் ஆறாம் எட்வர்டின் அரசு, சுவரிலும் கண்ணாடியிலும் உள்ள படங்களையெல்லாம் அழிக்கச் சொன்னது. ஊர் ஊராகச் சுண்ணாம்பு வாளி போயிற்று. கூலிக்கணக்கை சர்ச் நிர்வாகிகள் பைசா பாக்கியில்லாமல் எழுதி வைத்தார்கள். படம் இருந்த இடத்தில் பத்துக் கட்டளைகளும் அரச சின்னமும் வந்தன. சால்டன் சுவர் முந்நூறு வருடத்துக்கு மேல் சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தது, அங்கே படம் இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாமல். 1870ஐ ஒட்டி மறுபடி வெள்ளையடிக்கச் சுவரைத் தயார் செய்யும்போது நிறம் தட்டுப்பட்டு, குருவானவர் வேலையை நிறுத்தினார். அவ்வளவுதான் பாதுகாப்பு. நம் ஊரைத் திட்ட இங்கிலாந்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நம் ஊரைத் திட்ட நம் ஊரிலேயே வேண்டிய அளவு காரணம் இருக்கிறது.

பாடப்புத்தகம் என்பதையும் விட்டுவிடலாம். 600ஆம் ஆண்டு வாக்கில் போப் கிரிகோரி, மார்செய் நகர பிஷப்புக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய வாதம் அது. நீங்கள் படித்தவர். அந்தச் சுவரைப் பார்த்ததும் தானாக விளங்கியதா? நடுவில் ஓர் ஏணி, அதில் ஏறுகிறவர்களும் விழுகிறவர்களும். மேலே ஒரு பக்கம் அதிதூதர் மிக்கேல் ஆன்மாக்களை எடைபோடுகிறார். கீழே இரண்டு பேய்கள் பிடித்திருக்கும் முள்பாலத்தில் தொழிலில் ஏமாற்றியவர்கள் நிற்கிறார்கள். வட்டிக்காரன் நெருப்பில் உட்கார்ந்திருக்கிறான், வாயிலிருந்து காசு கொட்டுகிறது. யாராவது கூட நின்று சொல்லாமல் இதைப் 'படிக்க' முடியாது. பல சர்ச்சுகளில் இருக்கும், பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஆளைவிடப் பெரிதாக வரைந்திருப்பார்கள். காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு துர்மரணம் கிடையாது என்று நம்பினார்கள். வயலுக்குப் போகிறவன் கதவைத் திறந்து ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இதில் பாடம் எங்கே இருக்கிறது?

சரி, பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி, குழந்தை அப்படித்தான் கேட்கும். நீங்கள் அதையே தொழில்நுட்பம் என்ற வார்த்தை சேர்த்துக் கேட்டதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் தாத்தா வீடு சுண்ணாம்புக் காரை பூசிய வீடு. பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சலை நீற்றி, வடிகட்டி, வருடா வருடம் வெள்ளையடிப்பார்கள். நகரத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா ஒரு வருடம் கைக்காசு போட்டு, கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஆயில் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் சுவர் அப்பளம் போலக் கொப்புளித்துவிட்டது. தரையிலிருந்து ஏறும் ஓதம் முன்பெல்லாம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்க் காய்ந்துவிடும். இப்போது வழி அடைபட்டுவிட்டது. ஈரத்தோடு ஏறிய உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் பூத்து, அதைத் தள்ளியது. கடைசியில் கொத்தனார் பெயின்ட்டோடு காரையையும் சேர்த்துக் கொத்தி எடுத்தார். சித்தப்பாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆசையாகச் செய்தவர்.

ஆங்கிலேய சர்ச் ஓவியங்களின் கடந்த இருநூறு வருடக் கதையும் இப்படி ஆசையாகச் செய்தவர்களின் கதைதான். கவென்ட்ரியின் ஹோலி டிரினிட்டி சர்ச்சில் 1430களில் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் 1831இல் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடனே வார்னிஷ் பூசினார்கள். அது கறுத்தது. கறுத்துக் கறுத்து, கடைசியில் சர்ச்சின் உள்வளைவுக்கு மேலே ஓவியம் இருந்த இடத்தில் ஒரு இருட்டு மட்டும் மிஞ்சியது. பல வருடம் துப்புரவு செய்து 2004இல் மறுபடி மக்களுக்குக் காட்டினார்கள். சுண்ணாம்பு மறைத்ததைச் சுரண்டி எடுக்க முடிந்தது. வார்னிஷ் மறைத்ததை எடுக்க அவ்வளவு பாடு.

கெம்ப்லி என்ற கிராமத்துச் சர்ச்சிலும் அப்படித்தான். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈரக் காரை மேலேயே வரைந்த அபூர்வமான ஓவியம். நடுவில் கிறிஸ்து, இரு பக்கச் சுவரிலும் அண்ணாந்து பார்க்கும் அப்போஸ்தலர்கள். 1872இல் கண்டெடுத்தவர் அரக்கு வார்னிஷ் பூசினார். 1950களில் ஈவ் பேக்கர் என்ற பெண்மணி அதை அகற்றினார்.

இவர்களையெல்லாம்விட என் மனதை விட்டுப் போகாதவர் பேராசிரியர் டிரிஸ்ட்ரம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் ஆசிரியராக இருந்தவர். இந்த ஓவியங்களை அவரளவுக்கு நேசித்தவர் யாருமில்லை. கிராமம் கிராமமாகப் போனார், சாரம் கட்டி ஏறினார், நீர்வண்ணத்தில் பிரதி எடுத்தார், தடிமனான புத்தகங்கள் எழுதினார். இன்று சுவரில் மங்கிப்போன பலவற்றை அவர் பிரதியில்தான் பார்க்க முடிகிறது. அதே மனிதர்தான் மெழுகைக் கரைத்துச் சுவரில் பூசியவர். பூசியதும் நிறம் எழுந்து வரும். அந்த நிமிடம் அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்புறம் மெழுகு தூசியைப் பிடித்துக்கொண்டு பழுப்பேறியது, சுவரின் துவாரங்களை அடைத்தது, பின்னாலிருந்து ஈரமும் உப்பும் முட்டின, ஓவியம் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. அடுத்த தலைமுறைக்குப் பல பத்தாண்டுகள் அந்த மெழுகை எடுப்பதே வேலையாகப் போயிற்று. 1547இன் சுண்ணாம்புக்காரனுக்கு அந்தப் படத்தின் மேல் வெறுப்பு, அல்லது வெறும் கூலி. ஆனால் அவன் பூசியதில் ஓவியத்துக்கு மூச்சுமுட்டவில்லை. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கும் 'பழைய நிறம்' எது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலான சுவர்களில் காய்ந்த சுண்ணாம்பை நனைத்து, அதன் மேல்தான் வரைந்தார்கள். செங்காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணாம்பு. கையில் காசிருந்த ஊரில் இங்குலிகம் என்ற பளிச்சிடும் சிவப்பும் நீலமும். அடியில் போட்ட காவிக்கோடு தங்கிவிட்டது. மேலே தீட்டிய முகத்தின் நுணுக்கம் உதிர்ந்துவிட்டது. ஈயம் கலந்த வெள்ளையும் சிவப்பும் பல இடங்களில் கறுத்துவிட்டன. நீங்கள் இன்று பார்ப்பது பல சமயம் ஓவியத்தின் எலும்பை மட்டும்தான். அதன் மேல் சதை வைத்துத் தீட்டினால் அது 21ஆம் நூற்றாண்டு ஓவியம். தாராளமாக வரையுங்கள், வேறு சுவரில். அதுவும் ஒரே ஓவியம் என்று நினைக்காதீர்கள். ஒரே சுவரில் 13ஆம் நூற்றாண்டுக்கு மேல் 15ஆம் நூற்றாண்டு, அதற்கு மேல் பத்துக் கட்டளைகள் இருக்கும். அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே இருப்பதைக் கொல்ல வேண்டும். எதைக் கொல்வது என்று நீங்கள் சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன்.

யார்க்ஷையரில் பிக்கரிங் என்ற ஊரின் சர்ச்சில் இதைவிட வேடிக்கை. 1852இல் கிடைத்த ஓவியங்களை, ஜெபத்தில் கவனம் சிதறும் என்று குருவானவர் மறுபடி வெள்ளையடிக்க வைத்தார். அவர் பின்னால் வந்தவர்கள் சுரண்டி எடுத்து, பளிச்சென்று திருத்தியும் விட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் நன்றாகத் தெரிகிறது என்று மகிழ்கிறார்கள். எனக்கு அங்கே எது 15ஆம் நூற்றாண்டுக்காரன் கை, எது 19ஆம் நூற்றாண்டுக்காரன் கை என்று தேடுவதிலேயே நேரம் போயிற்று.

நீங்கள் கேட்காததை ஒன்று சொல்கிறேன். சஸெக்ஸில் ஹார்டம் என்று ஒரு குக்கிராமம், அங்கே புனித போட்டல்ஃப் சர்ச். 1100 வாக்கில் வரைந்த சுவர்கள். நான் போனபோது குளிர்காலம். உள்ளே ஒரே இருட்டு, ஒன்றுமே தெரியவில்லை. பூச்சாடி வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா, தேடாதீர்கள், உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். கண் பழகப் பழக ஆதாமும் ஏவாளும் நீளநீளமான உடம்போடு தெரிந்தார்கள். பக்கத்திலேயே ஒரு மாடு. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஏவாள் பால் கறக்கிறாள் என்று விளக்கம் சொல்கிறார்கள். பழத்தைத் தின்றதற்குத் தண்டனை மாடு கறப்பதென்றால், எங்கள் ஊரில் எத்தனை ஏவாள்கள்! மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், தொடாதீர்கள், கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

அப்புறம், உண்டியலில் காசு போடுங்கள். அந்தக் காசு ஓவியத்துக்கு என்று போடாதீர்கள், கூரைக்கு என்று போடுங்கள். இந்தச் சுவர்களுக்கு இன்று இருக்கும் பெரிய எதிரி ஒழுகும் கூரையும், வெளிச்சுவரில் யாரோ பூசிவைத்த சிமென்டும், இலை அடைத்த மழைநீர்க் குழாயும்தான். இலையுதிர்காலம் முடிகிறபோது ஊர்ப் பெரியவர்கள் ஏணி வைத்து ஏறி அந்த இலைகளை அள்ளுவார்கள். பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்கள். உங்கள் வீட்டில் திடகாத்திரமாக யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்.