கேளுங்க சொல்றேன்: கப்பல் சின்னது சரி, குரூப் எவ்ளோ பெருசு?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற பொண்ணு எங்களை தென் அமெரிக்கா பக்கத்துல இருக்கற கலாபகஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு 90 பேர் போற சின்ன கப்பல்ல புக் பண்ணிட்டா. தினமும் கரையில எறக்கி சின்ன குரூப்பா சுத்திக் காட்டுவாங்களாம். எனக்கு 63, வீட்டுக்காரருக்கு 68, அவருக்கு முட்டி வலி வேற. தாக்குப் பிடிப்போமா சார்?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தாராளமா போலாம்மா. உங்க பொண்ணு நல்ல எடமாத்தான் பாத்திருக்காங்க, ஏன்னா அங்க கப்பலுக்கு 100 பேருக்கு மேல ஏத்தக் கூடாது, ஒரு கைடுக்கு 16 பேர்தான், அந்த கைடும் நேஷனல் பார்க் லைசென்ஸ் வாங்குனவரா இருக்கணும். அப்போ உங்க 90 பேரும் குறைஞ்சது ஆறு குரூப்பா பிரிவீங்க. போன மே மாசம் கோடை விழா சமயத்துல நான் 45 பேரோட ஒரு டூர் பஸ்ல ஏற்காடு போனேன், 20 ஹேர்பின் பெண்டும் ஏறி பக்கோடா பாயிண்ட்ல எறங்குனா 20 நிமிஷம்தான் டைம்னாங்க, அதுல முக்கால்வாசி பாத்ரூம் க்யூவுலயே போச்சு. அந்த தொல்லை உங்களுக்கு இல்ல.

ஆனா சின்ன குரூப்புல ஒரு சங்கடம் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. பெரிய பஸ்னா முட்டி வலிக்குதுன்னு சீட்லயே உக்காந்துக்கலாம், ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. 16 பேர்ல ஒருத்தர் மெதுவா நடந்தா மிச்ச 15 பேரும் நின்னு திரும்பிப் பாப்பாங்க, நம்மாளுங்க அந்த வெக்கத்துலயே வலிய மறைச்சுக்கிட்டு வேகமா நடந்து விழுந்து வெப்பாங்க. அதனால மொத நாளே கைடுகிட்ட சொல்லி, மெதுவா போற குரூப் இருந்தா அதுல சேத்துவிடச் சொல்லுங்க.

எறங்கறது ரெண்டு விதம். டிரை லேண்டிங்னா பாறையிலயோ படிக்கட்டுலயோ கால் வெக்கலாம், வெட் லேண்டிங்னா படகுல இருந்து நேரா தண்ணியில எறங்கணும், சில சமயம் முட்டி வரைக்கும் நனையும். படகு ஆடும்போது கைடு கை நீட்டுவாரு, உள்ளங்கையப் பிடிக்காதீங்க வழுக்கிடும், அவரு மணிக்கட்டுக்கு மேல நீங்க பிடிக்கணும் உங்களுத அவரு பிடிப்பாரு, அதுக்கு ரெண்டு கையும் காலியா இருக்கணும், ஹேண்ட்பேக் தோள்ல தொங்கக் கூடாது. இப்பவே ஒரு சனிக்கிழமை காலையில கூட்டம் வர்றதுக்கு முன்ன ஏற்காடு போயி, டூருக்குப் போட்டுக்கப் போற ஷூவோட பாறை மேல நடந்து பழகுங்க, பூங்காவுல நடக்கறதெல்லாம் கணக்குல வராது.

தீவுக்குள்ள போக ஆளுக்கு 200 டாலர் தனி, 2024 ஆகஸ்டுக்கு முன்ன 100தான் இருந்துச்சு. பேக்கேஜ்ல சேத்திதானான்னு பொண்ணுகிட்ட கேட்டுக்கோங்க.

கேள்வி: சின்ன கப்பல்னாலே கரையிலயும் சின்ன குரூப்தானா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: அப்படி எழுதி வெச்சிருக்காங்களா என்ன! 200 பேர் கப்பல்ல வந்துட்டு துறைமுகத்துல 40, 40 பேரா பஸ்ல அடைக்கறதும் நடக்குது. ‘ஒரு கைடுக்கு எத்தனை பேர்’னு கேளுங்க, கப்பல்ல எத்தனை பேர்னு இல்ல. அண்டார்டிகாவுல ஒரு எடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல எறங்கக் கூடாது, 500 பேருக்கு மேல ஏத்திட்டு வர்ற கப்பல்காரங்க ஆளையே எறக்க முடியாது, சும்மா டெக்ல நின்னு பாத்துட்டுப் போக வேண்டியதுதான். அங்க 200 பேர் கப்பல்னாலும் பாதிப்பேர் எறங்கி வந்தப்பறம்தான் மீதிப்பேர்.

கேள்வி: கப்பல் டூர்ல போகாம நாங்களா ஒரு டாக்சி பிடிச்சு ஊர் சுத்துனா காசு மிச்சம்தானே?
- வாசகர், சேவாப்பேட்டை

பதில்: மிச்சம்தான். ஆனா கப்பல்காரங்க ஏற்பாடு பண்ண டூர் லேட்டானா பொதுவா காத்திருப்பாங்க, நீங்களா போயி லேட்டானா காத்திருக்கணும்னு அவங்களுக்குத் தலையெழுத்து இல்ல, அடுத்த துறைமுகத்துக்கு உங்க செலவுலதான் போய்ச் சேரணும். தனியா போனா சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னயே வந்துருங்க, பாஸ்போர்ட் காப்பியும் கப்பல் கார்டும் சட்டைப் பையில இருக்கட்டும்.