தேவ சித்தம் முதலில் என்றால் சம்பளம், வீடு, பிள்ளைகள் எங்கே? பினாங்கு விசுவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

“முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்.” மத்தேயு 6:33. இந்த வசனம் நம்மில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் வீட்டுக் கடன், ஷிப்ட், பிள்ளையின் படிப்பு என்று வரும்போது இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆயர் அல்ல. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜோர்ஜ்டவுனில் ஒரு தமிழ்ச் சபையில் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுக்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

பாயான் லெப்பாஸ் சகோதரர்: ஐயா, ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாதத்தில் பாதி ஞாயிறு வேலையிலேயே போய்விடுகிறது. சபையில் சிலர் “நீ உலகத்தை முதலில் வைத்துவிட்டாய்” என்கிறார்கள். வேலையை விட்டுவிடவா?

விட வேண்டாம் தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அட்டவணைப்படி உன் முறை ஞாயிறில் விழுகிறதா, இல்லை ஓய்வுநாளில் கூடுதல் காசு என்று நீயே பேர் கொடுக்கிறாயா? அட்டவணைப்படி விழுகிறது என்றால் மனதை அலட்டிக்கொள்ளாதே. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321-ல்தான் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தான். அதுவரை அது சாதாரண வேலைநாள். விசுவாசிகளில் எத்தனையோ பேர் அடிமைகள், எஜமானிடம் போய் லீவு கேட்க முடியாதவர்கள். சுமார் 112-ல் பிளினி என்ற ரோம ஆளுநர் தன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன்னே கூடி, கிறிஸ்துவைத் தேவன் என்று பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறான். நேரம் கிடைக்காதவர்கள் இருட்டில் எழுந்து வந்து கூடியிருக்கிறார்கள். இன்றைக்கும் செபராங் பிறையைத் தாண்டிப் பக்கத்துக் கெடா மாநிலத்துக்குள் போனால் ஞாயிறு அரசாங்க அலுவலகமும் பள்ளியும் திறந்திருக்கும், அங்கிருக்கும் நம் ஜனங்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாராவது சொல்வோமா? வார நாளில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வா, அதுவும் முடியாவிட்டால் உன் ஷிப்டிலேயே இருக்கும் இன்னொரு விசுவாசியோடு கேன்டீனில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தையாவது வாசித்து ஜெபியுங்கள்.

நீயே பேர் கொடுத்துப் போகிறாய் என்றால் அது வேறு பேச்சு. அந்தக் காசு எதற்குப் போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார். பதில் உனக்கே தெரிந்துவிடும்.

ஜெலுத்தோங் சகோதரர்: 4டி லாட்டரி நம்பர் எடுக்கிறேன். விழுந்தால் பத்தில் ஒரு பங்கு சபைக்குத்தான். இது தப்பா?

தப்புதான். அந்தப் பத்தில் ஒரு பங்கு கர்த்தருக்குத் தேவையில்லை. நம்பர் எடுக்கும் காசை வீட்டில் கொடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் சகோதரர்: அடுத்த வருஷம் எனக்கு 55. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் முழுவதையும் எடுத்து ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று பாரம் வந்திருக்கிறது. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, அழுகிறாள். மகளுக்குப் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. இரண்டு காசு போட்ட விதவை எல்லாவற்றையும் கொடுத்தாளே, நான் தேவனைத்தானே முதலில் வைக்கிறேன்?

அண்ணே, உங்கள் மனதின் தாராளத்தை நான் மதிக்கிறேன். கொடுக்க மனம் வருவதே கிருபை. ஆனால் பாரம் என்று நீங்கள் சொல்வதை வேதத்துக்கு முன்னால் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மாற்கு 7-ல் இயேசு ஒரு வழக்கத்தைக் கண்டிக்கிறார். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை “கொர்பான்” என்று சொல்லி, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று ஒதுக்கிவிட்டால், பெற்றோருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அந்தக் காலத்தில் ஒரு ஏற்பாடு. பக்தியாகத்தான் தெரிந்தது. இயேசு அதைத் தேவவசனத்தை அவமாக்குவது என்றார். பவுல் இன்னும் பச்சையாகச் சொல்கிறார்: “ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்.” 1 தீமோத்தேயு 5:8. வீட்டாரை விசாரிப்பது தேவ சித்தத்துக்குப் போட்டியாக நிற்கிற உலகக் காரியம் இல்லை அண்ணே, அவரே சொல்லிவிட்ட சித்தம் அது.

விதவையின் கதைக்கு வருவோம். அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். அவள் விசுவாசத்தை இயேசு மெச்சினார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்கு 12-ல் அந்தச் சம்பவத்துக்கு நேர் முந்தின வசனத்தைப் பாருங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர்களை எச்சரித்த கையோடுதான் அவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கிற சபை, ஒரு வீட்டின் முதுமைக்காலப் பணம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காது, வாங்கவும் கூடாது.

அந்தப் பணத்தில் உங்கள் மனைவிக்கும் உரிமை உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்தபோது, மிச்சத்தில் குடும்பத்தை ஓட்டியவர் அவர்தான். மீன் வாங்காத வாரங்கள் அவருக்குத்தான் தெரியும். 55 ஆனதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை, அங்கேயே விட்டாலும் லாப ஈவு வந்துகொண்டிருக்கும். இருவரும் உட்காருங்கள். மருத்துவச் செலவு, மகளின் கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் இருவரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிற ஒரு தொகையைக் கொடுங்கள். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார். மனைவியின் கண்ணீரோடு வருகிற காணிக்கையை எந்த ஆயரும் பெருமையாக எண்ண மாட்டார்.

பட்டர்வொர்த் சகோதரி: நான் அக்கவுண்ட்ஸ் வேலை. மேலாளர் பொய்யான கிளேம் ஒன்றைப் பாஸ் பண்ணச் சொன்னார், மறுத்தேன். பதவி உயர்வு எனக்குப் பிறகு சேர்ந்தவருக்குப் போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் அவரைத் தேடினால் எல்லாம் கூடக் கொடுக்கப்படும் என்றாரே ஐயா, எங்கே?

தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மத்தேயு 6-ஐ 25-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால், அங்கே இயேசு பேசுவது சாப்பாடு, குடிநீர், உடுப்பு. இவை உங்களுக்கு வேண்டியவை என்று உங்கள் பரமபிதாவுக்குத் தெரியும் என்கிறார். பதவி உயர்வைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை. நம் மேடைகளில் பல பேர் அந்த வாக்குத்தத்தத்தை இழுத்து நீட்டி, கார், வீடு, மேனேஜர் நாற்காலி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உங்களைப் போல உண்மையாய் நடந்து, கடைசியில் தேவன் ஏமாற்றிவிட்டாரோ என்று தவிக்கிறார்கள். இதைப் பார்க்க எனக்குக் கோபமே வருகிறது, உங்கள் மேல் இல்லை, அப்படிப் பிரசங்கித்தவர்கள் மேல்.

தானியேல் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. “விடுவிக்காமற்போனாலும்” நாங்கள் அந்தச் சிலையைப் பணிய மாட்டோம் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்த நேரத்தில் முடிவு என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்தக் கிளேம் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி வைத்தபோது நின்றதும் அதே இடத்தில்தான்.

நீங்கள் இழந்தது உண்மையான இழப்பு. மாதச் சம்பளத்தில் அது தெரியும், பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தில் தெரியும். அதை யாரும் “பரவாயில்லை, இதைவிடப் பெரியது வரும்” என்று சொல்லி மூட வேண்டாம். வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் செய்தது சரி என்பதற்கு அந்தப் பதவி திரும்பி வருவது சாட்சியாக வேண்டியதில்லை. இன்னொன்று, வேறு வேலை தேடுவதில் எந்தத் தப்பும் இல்லை. நேர்மையைத் தண்டிக்கிற இடத்திலேயே கிடக்க வேண்டும் என்று தேவன் எங்கும் சொல்லவில்லை. உங்கள் சபையில் கணக்குத் துறையில் இருக்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

தஞ்சோங் தோகோங் சகோதரர்: வருமானம் நன்றாக உயர்ந்திருக்கிறது. பெரிய வீடு வாங்குவது உலக ஆசையா? எங்கே கோடு போடுவது?

எத்தனை சதுர அடி என்று வேதம் கோடு போடவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு கணக்கைச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆரம்பகால மெதடிஸ்டுகளில் ஒருவர் வருஷம் 30 பவுண்டு சம்பாதித்தபோது 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அதே 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90, கொடுத்தது 62. அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்று பலரும் சொல்கிறார்கள். அவருக்கு அப்போது குடும்பம் இல்லை, அதனால் அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் கேள்வியை அவர் எங்கிருந்து தொடங்கினார் பாருங்கள்: எனக்கு எவ்வளவு போதும்? வருமானம் ஏறியதும் செலவு தானாக ஏற வேண்டும் என்று நாம் யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். இப்போது இருக்கும் வீடு ஏன் போதவில்லை என்பதற்கு உங்களிடம் நேரான பதில் இருந்தால், அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள, படி ஏற முடியாத அப்பாவுக்காக, தாராளமாக வாங்குங்கள்.

பெயர் வேண்டாம் என்ற சகோதரி: கணவருக்குப் புற்றுநோய். சுகம் கேட்டு ஜெபித்தால் “தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடு” என்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது.

கேளுங்கள் அம்மா. கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் தொடங்கினார், “உம்முடைய சித்தத்தின்படியே” என்பது அதற்குப் பிறகு. மூன்று முறை ஜெபித்தார். பவுலும் தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். உங்கள் மனதில் இருப்பதை மறைத்துவிட்டு ஒப்புக்கொடுக்க முடியாது. அழுது கேளுங்கள். சிகிச்சையைத் தவறவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறோம்.

பிறை தகப்பனார்: எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகன் இப்போதே செரம்பானில் எஸ்டிஎம் என்ற வேதாகமக் கல்லூரிக்குப் போய் ஊழியத்துக்கு வர வேண்டும் என்கிறான். நான் எஞ்சினியரிங் என்கிறேன். தேவ சித்தத்துக்குக் குறுக்கே நிற்கிறேனா?

இன்னும் இல்லை. ஆனால் உங்கள் பயம் அவன் அழைப்பைப் பற்றியதா, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதைப் பற்றியதா என்று நீங்களே பார்க்க வேண்டும். அழைப்பு உண்மையானால் நாலு வருஷத்தில் ஆவியாகிப் போகாது. பவுல் கூடாரம் தைக்கிற கைத்தொழிலோடுதான் ஊழியம் செய்தார். அவனைச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கட்டும், நாற்காலி அடுக்கட்டும், முதியோரைப் போய்ப் பார்க்கட்டும் என்று விடுங்கள். ஆயரோடு பேச வையுங்கள். மேடை இல்லாத வேலையிலும் அவன் ஆர்வம் நின்றால் அப்புறம் தடுக்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம் தம்பி: அங்கிள், சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் ஆபிரகாம் தன் தேசத்தைவிட்டுப் புறப்பட்ட வசனம். போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், நான்தான் கூட்டிப்போகிறேன்.

அந்தத் தட்டு வரிசை வரிசையாக வரும்போது எல்லாரும் கண்ணை மூடி ஒரு அட்டையை உருவுவோம், எனக்கும் அந்த நேரம் பிடிக்கும். ஆனால் அதே தட்டில் உன் பக்கத்தில் இருந்தவர் “தேசத்தில் குடியிருந்து” என்ற சங்கீதத்தை எடுத்திருப்பார். அட்டை உன்னைத் தேற்றலாம், உனக்காக முடிவெடுக்காது. கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்த்தான் என்று சொல்வாய். தேவன் அவனிடம் தெளிவாகப் பேசிய பிறகும் நம்பத் தயங்கித்தான் அவன் அதைக் கேட்டான்.

யாக்கோபு 4-ஐ வாசி. இன்ன பட்டணத்துக்குப் போய் ஒரு வருஷம் தங்கிச் சம்பாதிப்போம் என்று சொல்கிறவர்களிடம் அவர் போகாதே என்று சொல்லவில்லை, ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சொல்லிப் போ என்கிறார். அதனால் சிங்கப்பூர் பாவம் இல்லை. உனக்கு முன் இருக்கிற கேள்வி அம்மாதான். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், முடிந்து எழுந்ததும் தலை சுற்றும், கைபிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

அதே தம்பி: அக்கா சுங்கை பட்டாணியில் இருக்கிறாள். அவளிடம் கேட்கவில்லை. கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது.

அப்படியானால் இன்றைக்கே அக்காவைக் கூப்பிடு. அங்கே அம்மாவுக்கு டயாலிசிஸ் மையத்தில் இடம் கிடைக்குமா, அக்கா வேலைக்குப் போகும் நாளில் யார் அழைத்துப் போவது, நீ மாதம் எவ்வளவு பணம் அனுப்புவாய், இதையெல்லாம் பேசு. அம்மாவையும் கேள், அவரை விட்டுவிட்டு அவரைப் பற்றி முடிவெடுக்காதே. கம்பெனியிடம் இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு எழுது, காரணத்தையும் மறைக்காமல் சொல். கொடுக்காவிட்டால், அம்மாவுக்கு ஆள் ஏற்பாடாகாத நிலையில் கையெழுத்துப் போடாதே.