நகை பெட்டியிலேயே இருக்கட்டும், ஐயா

போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள். நான் கூப்பிடாவிட்டாலும் கூடவே வந்திருந்தார் அம்மாவின் தம்பி. மகளுக்கு வயது 26. பி.ஏ. வரலாறும் பி.எட்.டும் முடித்து, தனியார் மெட்ரிக் பள்ளியில் நாலு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறார். சம்பளம் 13,000.

முதல் முக்கால் மணி நேரம் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. மாமா பேசினார். "குடிமையியல் நடத்துற பிள்ளைக்குச் சட்டப் படிப்புதான் பொருத்தம். பக்கத்து மாநிலத்துல காலேஜ் பார்த்து வச்சிருக்கேன். தினமும் போக வேண்டாம், பரீட்சைக்குப் போனா போதும்." மூன்று வருடத்துக்கு நாலு லட்சம். அதற்காக அம்மாவின் நகையை அடகு வைக்க அப்பா மனதைத் தயார் செய்துகொண்டிருந்தார். நடுவில் ஊர்க் குடிநீர்த் தொட்டியை மாதக்கணக்கில் கழுவவில்லை என்ற புகார் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடைசியில் நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன்: "உனக்கு என்னம்மா வேணும்?" அவர் சொன்னது இது: பத்தாம் வகுப்பில் அடிப்படை உரிமைகள் நடத்தும்போது ஒரு பையன், "டீச்சர், இதையெல்லாம் எழுதும்போது சண்டை வந்துச்சா?" என்று கேட்டானாம். "எனக்குப் பதில் தெரியல சார். அதைத் தெரிஞ்சுக்கணும்."

ஆறுதல் சொல்லி அனுப்புவது இந்தத் தொழிலில் சுலபம். ஆனால் நகை விஷயத்தில் ஆறுதல் உதவாது. அதனால் அந்த அப்பாவுக்கு நேரில் சொன்னதையே, அதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐயா, "பரீட்சைக்குப் போனால் போதும்" என்று எந்தச் சட்டக் கல்லூரி சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் பாடத்துக்குப் பாடம் 70 சதவீத வருகை கேட்கின்றன. வேலையையும் விடாமல், வகுப்புக்கும் போகாமல் வாங்கும் பட்டம் பொய்யான வருகைப் பதிவேட்டின் மேல்தான் நிற்கும். பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு நடத்தப்போகிறவருக்கு அப்படி ஒரு தொடக்கமா? இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு வக்கீலாகும் ஆசையே இல்லை. அந்த ஆசை மாமாவுடையது. மாமா தாராளமாக அவரே சேர்ந்து படிக்கலாம், பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குத்தான் அந்த மூன்று வருடப் படிப்பு. (இதைச் சொன்னபோது அம்மா மட்டும் சிரித்தார்.)

தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பயிற்சி மையத்துச் சுவரொட்டியே எல்லாம் சொல்லும். ஒரே ஒரு எச்சரிக்கை: "சும்மா தபாலில் எம்.ஏ. அரசியல் அறிவியல் போடு" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்று பார்ப்பார்கள். வரலாறு படித்தவர் பணம் கட்டும் முன் வாரியத்தின் அறிவிக்கையை வரி விடாமல் படிக்க வேண்டும்.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். சண்டை வந்ததா? வந்தது. அதன் ஒவ்வொரு வார்த்தையும் அச்சில் இருக்கிறது.

அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதலில் கூடியது. 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. நடுவில் நடந்த விவாதங்கள் 12 தொகுதிகளாக வந்திருக்கின்றன. பெங்களூரில் உள்ள ஒரு சட்ட ஆய்வு மையம் இவற்றை நாள்வாரியாகத் தேடிப் படிக்கும்படி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் தளத்திலும் உண்டு. குடிமையியல் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பயிற்சி நிலையம் கிடையாது. ஆனால் என்னிடம் வரும் ஆசிரியர்களில் இதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. சான்றிதழ் தராததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் தொகுதியிலிருந்து தொடங்கினால் உங்கள் மகள் ஒரு வாரத்தில் மூடி வைத்துவிடுவார். பாடப்புத்தகத்தின் ஒரு வரியில் தொடங்கட்டும். "தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, உறுப்பு 17." ஏழாம் தொகுதியில் 1948 நவம்பர் 29ஆம் தேதியை எடுக்கச் சொல்லுங்கள். அன்று அதன் எண் 17 அல்ல, வரைவில் 11. நசிருதீன் அகமது என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவருகிறார்: மதம் அல்லது சாதியின் பேரால் யாரையும் தீண்டத்தகாதவராக நடத்தக் கூடாது என்று தெளிவாக எழுதலாமே என்கிறார். கே.டி. ஷா, தீண்டாமை என்றால் என்னவென்று எங்கேயும் வரையறை இல்லையே என்று கேட்கிறார். நீலகிரிப் பக்கத்திலிருந்து போன முனுசாமிப் பிள்ளை பேசுகிறார். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன் பேசுகிறார். அம்பேத்கர் நசிருதீனின் திருத்தத்தை ஏற்கவில்லை. வரைவு நிறைவேறுகிறது. "மகாத்மா காந்திக்கு ஜே" என்று சபையில் முழக்கம் எழுந்ததும் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

இப்போது வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஐந்து பிள்ளைகள் ஐந்து உறுப்பினர்கள். ஆங்கிலத்தில் உள்ள பேச்சிலிருந்து ஆளுக்கு ஒரு பத்தியை டீச்சர் தமிழில் எழுதிக் கொடுக்கிறார். மற்றவர்கள் வாக்களிக்கிறார்கள். பிறகு ஒரே கேள்வி: அந்த வார்த்தைக்கு அரசியலமைப்பில் இன்று வரை வரையறை இல்லை, அது நல்லதா கெட்டதா? நாற்பது நிமிடப் பாடவேளை போதாது, அடுத்த வேளையைக் கணக்கு வாத்தியாரிடம் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

மாதத்துக்கு ஒரு உறுப்பு போதும். அடுத்து ஆட்சி மொழி விவாதம், 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதை ஆர்வமாக நடத்த முடியாவிட்டால் வேறு எதையுமே நடத்த முடியாது. பிறகு செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் நான்காம் பிரிவு உறுப்பு 15இல் சேர்ந்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலருடைய கல்லூரி இடம் அந்த இரண்டு மாதக் கதையில் இருக்கிறது. நடுவே சிரிப்புக்கு, சபை உறுப்பினர் அம்மு சுவாமிநாதனின் 1949 நவம்பர் 24 பேச்சு. அரசியலமைப்பு சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளும் சின்னப் புத்தகமாக வரும் என்று நினைத்திருந்தேன், இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று குறைபட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு மாதமும் ஒரு கோப்பு சேர வேண்டும்: தமிழாக்கிய பத்திகள், பாடத்திட்டம், பிள்ளைகள் எழுதிய பதில்கள், எது சொதப்பியது என்று டீச்சரே எழுதிய ஒரு பக்கம். அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. பக்கத்துப் பள்ளிகளில் இரண்டு மூன்று ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை டீக்கடையிலாவது உட்கார்ந்து கோப்பை மாற்றிப் படிக்கட்டும். தனியாகப் படிப்பவர்கள் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழே இல்லையே என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். மத்திய சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறையும் ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2022 நவம்பரில் குடிமக்களுக்கான அரசியலமைப்பு இணையப் படிப்பு ஒன்றைத் தொடங்கின. படிக்கக் கட்டணம் இல்லை. அதை ஒரு கோடை விடுமுறையில் முடிக்கலாம். பின்னால் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாறினால் அங்கே ஆசிரியர்களுக்கு வருடம் 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம். கோப்போடு போகிறவருக்கு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும். அரசுப் பள்ளிக்குப் போய்விட்டால், பயிற்சிகளுக்குக் கருத்தாளர் தேடும்போது கோப்பு உள்ளவர் கண்ணில் படுவார். ஆனால் இதனால் அடுத்த வருடமே சம்பளம் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் ஆலோசகர் ஏதோ ஒரு கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறார்.

செலவு? இணையத்துக்கு மாதாமாதம் நீங்கள் ஏற்கெனவே கட்டுவதுதான். நகல் எடுக்க ஒரு நூறு ரூபாய். நகையை அடகு வைப்பதைப் பற்றி என்னிடம் இரண்டாம் முறை பேச வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொன்னேன். அது அந்த அம்மாவின் பெயரில் இருக்கும் ஒரே சேமிப்பு.

ஊராட்சி பாடத்தைப் புத்தகத்தை வைத்து நடத்தவே வேண்டாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளாக அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைய கூட்டத்தில் எவை பேசப்பட்டன, எவை பேசப்படவே இல்லை என்று டீச்சர் குறித்துக்கொண்டு வரட்டும். நீங்களும் கூடவே போங்கள் ஐயா. குடிநீர் அந்தப் பட்டியலில் 11ஆவது. தொட்டியைப் பற்றி எழுந்து நின்று கேளுங்கள், தீர்மானப் பதிவேட்டில் ஏறும் வரை உட்காராதீர்கள். உங்கள் மகள் அதை எழுதிக்கொண்டு போய்ப் பத்தாம் வகுப்பில் நடத்துவார்.